ஏழு கோல் வாங்கிய மனிதர்

1982 டிசம்பர் 1, புதன்கிழமை. டில்லியில் ஆசிய விளையாட்டுப் போட்டி. ஹாக்கி இறுதி ஆட்டத்தில் இந்தியாவும் பாகிஸ்தானும் மோதின. எங்கள் அலுவலகத்துக்கு எதிரே இருந்த டீக்கடையில் கடைக்காரர் டிரான்சிஸ்டரை அலமாரி மேல் வைத்திருந்தார். சுற்றி பத்துப் பன்னிரண்டு பேர். வர்ணனை இந்தியிலும் ஆங்கிலத்திலும் மாறி மாறி வரும். பிரெஞ்சுப் பள்ளியில் படித்த எனக்கு அந்த நாளில் இரண்டுமே அரைகுறைதான். ஆனால் கோல் என்ற சொல்லுக்கு மொழிபெயர்ப்பு தேவையில்லை.

முதல் கோல் நம்முடையது. கடைக்காரர் எல்லோருக்கும் இன்னொரு டீ போட்டார். அந்த டீ ஆறுவதற்குள் ஆட்டம் திரும்பிவிட்டது. பிறகு விழுந்ததெல்லாம் நம் பக்கம்தான். கடைசியில் பாகிஸ்தான் 7, இந்தியா 1. பிரதமர் இந்திரா காந்தி நேரில் வந்து பார்த்துக்கொண்டிருந்த ஆட்டம். டீக்கடையில் சிறிது நேரம் யாரும் பேசவில்லை. பிறகு எல்லோரும் ஒரே நேரத்தில் பேசினோம்.

அன்று நம் கோல்கீப்பர் மீர் ரஞ்சன் நேகி. "காசு வாங்கிட்டான்யா" என்று ஒருவர் ஆரம்பித்தார். "கோலுக்கு இவ்வளவுன்னு பேசியிருப்பான்" என்றார் இன்னொருவர். மூன்றாமவர், "பேரைப் பாருங்க, மீர்! அப்புறம் என்ன?" என்றார். நானும் சும்மா இருக்கவில்லை. "இல்லாட்டி ஏழு கோல் எப்படிப் போகும்?" என்று கேட்டேன். ஏதோ டில்லிக்குப் போய்க் கோப்பைப் புரட்டிப் பார்த்து வந்தவன் மாதிரி சொன்னேன். அதையே மறுநாள் அலுவலகத்திலும், இரவில் வீட்டிலும் சொன்னேன். சாப்பிட்டுக்கொண்டிருந்த என் அப்பா தலை நிமிராமலே, "நீ பார்த்தியா?" என்று கேட்டார். எனக்குக் கோபம் வந்தது. பதில் வரவில்லை.

இத்தனை வருஷம் கழித்து இதை எழுத ஒரு காரணம் உண்டு. அதைக் கடைசியில் சொல்கிறேன். முதலில், அன்று நாங்கள் பார்க்கத் தவறிய சங்கதிகள்.

1980-இல் மாஸ்கோ ஒலிம்பிக்கில் ஹாக்கித் தங்கம் வாங்கினோம். கேப்டன் நம் சென்னைக்காரர் வாசுதேவன் பாஸ்கரன். ஸ்பெயினை 4-3 என்று வென்றபோது இந்த ஊரிலும் இனிப்பு வழங்கினார்கள். உலகத்தில் நமக்கு மிஞ்சி ஆளில்லை என்று நினைத்தோம். ஆனால் அந்த ஒலிம்பிக்கைப் பல நாடுகள் புறக்கணித்திருந்தன. பாகிஸ்தான் வரவில்லை. மேற்கு ஜெர்மனி, நெதர்லாந்து, ஆஸ்திரேலியா ஹாக்கி அணிகள் எதுவுமே வரவில்லை. 1982 தொடக்கத்தில் பம்பாயில் உலகக் கோப்பை நடந்தபோது உண்மை நிலவரம் தெரிந்தது. பாகிஸ்தான் கோப்பையை வென்றது. நமக்கு ஐந்தாம் இடம். 1978 உலகக் கோப்பையும் அவர்களுடையதே. அடுத்து 1984 ஒலிம்பிக் தங்கமும் அவர்களுக்கே போனது. ஹசன் சர்தார், கலீமுல்லா, ஹனீஃப் கான் என்று அப்படி ஒரு முன்வரிசை. அந்த டிசம்பரில் டில்லியில் நம்மை எதிர்த்து ஆடியது அன்றைய உலகின் முதல் அணி. தோற்பதில் அதிசயமில்லை. ஏழு கோல் அதிகம்தான். ஆனால் ஏழு கோல் விழுகிறது என்றால் ஏழு தடவை பந்து நடுக்களத்தைத் தாண்டி, தடுப்பாட்டக்காரர்களையும் தாண்டி வந்திருக்கிறது என்று அர்த்தம். கடைசியாக அதைப் பார்த்தவர் நேகி. அதனால் எல்லோருடைய தவறும் அவர் பெயரில் பதிவாகிவிட்டது.

இதை ஒரு குமாஸ்தாவாக என்னால் புரிந்துகொள்ள முடியும். ஒரு கோப்பு பத்து மேசை தாண்டி வரும். கடைசி மேசையில் இருப்பவன் கையெழுத்துப் போடுவான். தப்பு வந்தால் கேள்வி அவனுக்குத்தான்.

நேகி காசு வாங்கினார் என்பதற்கு ஒரு சான்றும் வெளிவரவில்லை. அவர் அல்மோரா பக்கத்து மலைநாட்டு இந்துக் குடும்பத்தைச் சேர்ந்தவர். பெயரின் முன்பகுதியைப் பிடித்துக்கொண்டு எங்கள் டீக்கடை ஒரு முடிவுக்கு வந்தது. சரி, அவர் முஸ்லிமாகவே இருந்திருந்தால் என்ன? அப்போது மட்டும் எங்கள் பேச்சு நியாயமாகிவிடுமா? அன்று இந்தக் கேள்வி எங்களில் ஒருவருக்கும் தோன்றவில்லை. அத்தோடு அவருடைய ஆட்ட வாழ்க்கை ஒடிந்துபோனது. போகிற இடமெல்லாம் துரோகி என்ற பேச்சு தன்னைத் தொடர்ந்தது என்று பின்னாளில் பேட்டிகளில் சொல்லியிருக்கிறார்.

அவரை ஏசியதால் ஹாக்கி உருப்பட்டதா என்றால் அதுவும் இல்லை. 1986 லண்டன் உலகக் கோப்பையில் 12 அணிகளில் நமக்குக் கடைசி இடம். அப்போது கோலில் நேகி இல்லை. 2008-இல் பெய்ஜிங் ஒலிம்பிக்குக்குத் தகுதியே பெறவில்லை. 1928-க்குப் பிறகு முதல் தடவை. நோய் வேறெங்கோ இருந்தது. 1976 மாண்ட்ரியால் ஒலிம்பிக்கில் முதன்முதலாக ஹாக்கியைச் செயற்கைத் தரையில் ஆடினார்கள். அதற்கு முந்திய வருஷம்தான் கோலாலம்பூரில் உலகக் கோப்பை வாங்கியிருந்தோம். மாண்ட்ரியாலில் ஏழாம் இடம். நம் பிள்ளைகள் புல்தரையில் பழகியவர்கள். செயற்கைத் தரையில் பந்து போகிற வேகமே வேறு. அந்தத் தரை நம் ஊர்களுக்கு வந்து சேர வருஷக்கணக்கானது. ஆனால் தரையை ஏசி யாருக்கு ஆத்திரம் தீரும்? ஏசுவதற்கு ஒரு முகம் வேண்டியிருந்தது.

மாண்ட்ரியால் என்றதும் இன்னொரு கோல்கீப்பர் நினைவுக்கு வருகிறார். ஓய்வு பெற்ற பிறகு, பிரெஞ்சு மறந்துவிடக் கூடாது என்று அந்த ஊர்ச் செய்திகளைப் படிக்கும் பழக்கம் எனக்கு உண்டு. அங்கே ஹாக்கி என்றால் பனித்தளத்தில் ஆடும் ஐஸ் ஹாக்கி. நமக்குக் கிரிக்கெட் எப்படியோ அவர்களுக்கு அது. கோல் விழுந்தால் வலைக்குப் பின்னால் ஒரு சிவப்பு விளக்கு எரியும். அந்த ஊர் அணிக்கு ஆடிய ஜாக் பிளான்ட் என்ற பழைய கோல்கீப்பர், 1959 முதல் முகமூடி அணிந்து ஆடி அந்த வழக்கத்தை நிலைநாட்டியவர், வேடிக்கையாக ஒன்று கேட்பாராம். நீங்கள் வேலையில் ஒரு தப்புச் செய்ததும் உங்களுக்குப் பின்னால் சிவப்பு விளக்கு எரிந்து, அரங்கமே எழுந்து நின்று கூச்சல் போட்டால் எப்படி இருக்கும் என்று. நான் முப்பது வருஷத்துக்கு மேல் அலுவலகத்தில் செய்த தப்புகளை எண்ணிப் பார்த்தேன். என் மேசைக்குப் பின்னால் விளக்கு இல்லாதது என் அதிர்ஷ்டம்.

அதே அணியில் பின்னாளில் வந்தவர் பாத்ரிக் ருவா. கியூபெக் மண்ணின் பிள்ளை, பிரெஞ்சு பேசுபவர். 1986-லும் 1993-லும் மாண்ட்ரியாலுக்கு ஸ்டான்லி கோப்பையை வாங்கிக் கொடுத்தவர். தெய்வம் மாதிரி கொண்டாடினார்கள். 1995 டிசம்பர் 2 அன்று சொந்த அரங்கத்தில் டெட்ராய்ட் அணியோடு ஆட்டம். அன்று அவருக்கு எதுவும் சரியாக அமையவில்லை. கோல் மேல் கோல் விழுந்தது. நடுவில் சுலபமான ஒரு பந்தை அவர் பிடித்தார். உடனே அரங்கம் கை தட்டியது. பாராட்டு அல்ல, கேலி. ருவா இரண்டு கைகளையும் உயர்த்தி அந்தக் கேலியை ஏற்றுக்கொள்வதுபோல் காட்டினார். ஒன்பது கோல் விழுந்த பிறகுதான் பயிற்சியாளர் அவரை வெளியே அழைத்தார். வெளியே வந்தவர் பின்வரிசையில் உட்கார்ந்திருந்த அணித் தலைவரிடம் நேராகப் போய், இந்த ஊருக்காக நான் ஆடும் கடைசி ஆட்டம் இதுதான் என்று சொல்லிவிட்டார். ஆட்டம் 11-1 என்று முடிந்தது. நான்கு நாளில் அவரைக் கொலராடோ அணிக்கு மாற்றினார்கள். அடுத்த ஜூனில் கொலராடோ ஸ்டான்லி கோப்பையை வென்றது. கோலில் நின்றவர் ருவா.

2008 நவம்பரில் மாண்ட்ரியால் அவரை அழைத்து, அவர் அணிந்த 33-ஆம் எண்ணை இனி யாருக்கும் தருவதில்லை என்று கௌரவித்தது. மக்கள் எழுந்து நின்று கை தட்டினார்கள். 1995-இல் கேலிக்குத் தட்டிய கைகளில் சில அன்றும் தட்டியிருக்கும். அவர்களுக்குப் பழையது நினைவிருந்திருக்குமா? தட்டியவர்கள் மறந்துவிடலாம். நடுவில் நின்றவருக்கு மறக்காது.

ருவாவுக்கு ஆறே மாதத்தில் பதில் சொல்ல வாய்ப்புக் கிடைத்தது. நேகிக்கு 16 வருஷம் ஆனது. 1998 பாங்காக் ஆசியப் போட்டிக்குக் கோல்கீப்பர்களுக்குப் பயிற்சி தர அவரை அழைத்தார்கள். கேப்டன் தன்ராஜ் பிள்ளை, தமிழ்க் குடும்பத்துப் பிள்ளை. இறுதி ஆட்டம் தென்கொரியாவோடு டை-பிரேக்கர் வரை போனது. கோலில் நின்ற ஆஷிஷ் பல்லால் தடுத்துக் கொடுத்தார்; 32 வருஷத்துக்குப் பிறகு தங்கம். 2002 மான்செஸ்டர் காமன்வெல்த் போட்டியில் நம் பெண்கள் இங்கிலாந்தை 3-2 என்று வென்று தங்கம் வாங்கியபோதும் கோல்கீப்பர் பயிற்சியாளர் நேகிதான். 2007-இல் வந்த 'சக் தே இந்தியா' படத்தைப் பலர் அவர் வாழ்க்கைக் கதை என்கிறார்கள். அப்படியே அவர் கதை அல்ல. அந்தப் பெண்கள் அணியின் வெற்றியே அதற்கு முதல் தூண்டுதல். ஆனால் அந்தப் படத்தில் நடித்த பெண்களுக்கு ஹாக்கி பழக்கியவர் அவர். துரோகி என்று எழுதிய சுவரைப் படத்தில் பார்த்தபோது நான் தியேட்டரில் நெளிந்தேன். பக்கத்தில் என் மனைவி, "என்ன, வயிறு சரியில்லையா?" என்று கேட்டாள்.

சரி, காரணத்துக்கு வருகிறேன். 2021 ஆகஸ்டில் டோக்கியோ ஒலிம்பிக். நம் பெண்கள் முதன்முறையாக அரையிறுதிக்குப் போனார்கள். வந்தனா கட்டாரியா தென்னாப்பிரிக்காவுக்கு எதிராக மூன்று கோல் போட்டு, ஒலிம்பிக்கில் ஹாட்ரிக் அடித்த முதல் இந்தியப் பெண் ஆனார். அந்த மே மாதம்தான் அவருடைய தந்தை காலமாகியிருந்தார். பயிற்சி முகாமில் இருந்ததால் இறுதிச் சடங்குக்குக்கூடப் போகவில்லை. ஆகஸ்டு 4 அன்று அர்ஜென்டினாவிடம் 1-2 என்று தோற்றோம். அன்று ஹரித்வார் பக்கத்தில் அவர் வீட்டு வாசலில் சிலர் வெடி வெடித்து ஆடி, சாதி சொல்லித் திட்டினார்கள் என்று குடும்பத்தார் போலீசில் புகார் கொடுத்தார்கள். வழக்குப் பதிவாகிக் கைதும் நடந்தது. இரண்டு நாள் கழித்து அதே பெண் வெண்கலத்துக்கான ஆட்டத்தில் இறங்கி பிரிட்டனுக்கு எதிராக ஒரு கோல் போட்டார்.

அந்த ஆட்டத்தை நானும் பேரனும் காலையிலேயே உட்கார்ந்து பார்த்தோம். 0-2 என்று பின்தங்கி, 3-2 என்று முந்தி, கடைசியில் 3-4 என்று தோற்றார்கள். பெண்கள் களத்திலேயே உட்கார்ந்து அழுதார்கள். பேரனுக்கு ஆத்திரம். கைபேசியை எடுத்து ஓர் ஆட்டக்காரியின் பெயரைப் போட்டு எதையோ தட்ட ஆரம்பித்தான்.

"இதை யார் படிப்பாங்க?" என்று கேட்டேன்.

"எல்லாரும் படிப்பாங்க தாத்தா. அவங்க பேரைப் போட்டிருக்கேன்ல, அவங்க போனுக்கே நேரா போயிடும்."

எனக்குத் தூக்கிவாரிப்போட்டது. 1982-இல் நாங்கள் பேசியது டீக்கடையைத் தாண்டி நேகியின் காதுக்கு நேராகப் போகவில்லை. ஊர் ஊராக ஆயிரம் டீக்கடைகளில் சேர்ந்து, வதந்தியாகி, மெல்லத்தான் அவரிடம் போயிருக்கும். இப்போது அழுதுகொண்டிருக்கும் பெண் கண்ணைத் துடைத்துக்கொண்டு கைபேசியைத் திறந்தால் அதில் என் பேரன் இருப்பான். அவனைப் போல ஆயிரம் பேர் இருப்பார்கள்.

டீக்கடைக் கதையை அவனிடம் சொன்னேன். நான் சொன்ன வார்த்தையையும் மறைக்காமல் சொன்னேன். கேட்டுவிட்டு, "அப்புறம் அவர்கிட்ட மன்னிப்புக் கேட்டீங்களா தாத்தா?" என்றான்.

அப்பாவிடம் சொல்ல பதில் இல்லாதது போலவே பேரனிடமும் இல்லை. அவர் எங்கே, நான் எங்கே, என்று ஏதோ முனகினேன். அவன் அதற்குமேல் கேட்கவில்லை. தட்டியதை அழித்துவிட்டுக் கைபேசியைக் கவிழ்த்து வைத்தான்.

இதைத் திரு. நேகி படிக்கப் போவதில்லை. அவருக்குத் தமிழ் தெரியாது. ஆனாலும் அன்று பத்துப் பேர் நடுவில் சத்தமாகச் சொன்னதை, இன்று நாலு பேர் படிக்கிற இடத்தில் திருப்பி எடுத்துக்கொள்வதுதான் முறை. அந்த ஏழு கோலுக்கு நீங்கள் மட்டும் காரணம் இல்லை, ஐயா. காசு என்று நான் சொன்னது பொய்.

அந்த டீக்கடையில் நின்றவர்களில் இன்னும் இரண்டு பேர் இருக்கிறார்கள். அவர்கள் இதைப் படிப்பார்கள். அவர்கள் பெயரை நான் எழுதவில்லை.