சம்பா கோயிலின் நாலு பிறவி

கீழ்பென்னாத்தூரில் மேற்கே பார்த்தால் அண்ணாமலை. கிழக்கே போகும் பஸ்ஸில் ஏறினால் கொஞ்ச நேரத்தில் செஞ்சியின் பாறைக் குன்றுகள். அதற்கப்புறம் திண்டிவனம், அதைத் தாண்டினால் புதுச்சேரி. சின்ன வயசில் அப்பா கையைப் பிடித்துக்கொண்டு அந்தச் சாலையில் முதன்முதலாகப் போனது கடல் பார்க்க. திரும்பும்போது மிஷன் வீதியில் ஒரு பெரிய கோயிலைக் காட்டி, "இதுதான்டா சம்பா கோயில்" என்றார். சம்பா நெல் விளைகிற ஊர்க்காரர்கள் கட்டிய கோயில் போலிருக்கிறது என்று வெகுநாள் நினைத்துக்கொண்டிருந்தேன்.

சம்பா என்பது சான் பால், அதாவது புனித பவுல். கோவாவில் சேசு சபையாருக்குப் புனித பவுல் பெயரில் ஒரு கல்லூரி இருந்தது. அதனால் இந்தியா முழுக்க அவர்களுக்கே பவுல் பாதிரிமார் என்று பெயர் விழுந்துவிட்டது. புதுச்சேரித் தமிழர்கள் வாயில் அந்த ‘சான் பால்’ உருண்டு சம்பா ஆயிற்று. இன்று ஏட்டில் அது அமலோற்பவ அன்னை பேராலயம். ஆனால் ஆட்டோக்காரரிடம் சம்பா கோயில் என்று சொன்னால்தான் சட்டென்று வண்டி நகரும்.

 அழகில் சம்பா கோயிலுக்கு ஈடாக உலகத்தில் நூறு தேவாலயங்களைச் சொல்லலாம். புதுச்சேரியிலேயே ரயிலடிப் பக்கம் இருக்கும் திரு இருதய ஆண்டவர் பசிலிக்கா, கூர்மாட வளைவுகளும் வண்ணக் கண்ணாடிகளுமாகப் பார்த்தவுடனே மனசை இழுக்கும். ஆனாலும் எனக்குப் பிடித்த தேவாலயம் எது என்று யார் கேட்டாலும் சம்பா கோயில் என்றுதான் சொல்வேன்.

நம் சாலைக்கும் பாதிரிமாருக்கும் உறவு புதுச்சேரி உருவாகும் முன்பே தொடங்கியது. 1597-ல் நிக்கோலாஸ் பிமெந்தா என்ற சேசு சபைப் பாதிரியார் செஞ்சிக்கு வந்தார். கிருஷ்ணப்ப நாயக்கர் ஆண்ட காலம். இந்தியாவில் தான் பார்த்த ஊர்களில் இதுவே பெரியது, போர்ச்சுகலில் லிஸ்பனைத் தவிர வேறெந்த ஊரும் இதற்குச் சமமில்லை என்ற பொருளில் எழுதி அனுப்பினார். இன்று ஆடு மேயும் அந்தக் கோட்டைவெளியைப் பார்த்தவர்களுக்கு அந்த வரி நெஞ்சை அடைக்கும்.

புதுச்சேரியில் சேசு சபையார் பிரான்சு மன்னர் பதினான்காம் லூயியின் பண உதவியோடு 1692-ல் முதல் கோயிலைக் கட்டினார்கள். மறு வருஷமே டச்சுக்காரர்கள் ஊரைப் பிடித்தார்கள், கோயில் போயிற்று. ஊர் திரும்பக் கிடைத்த பிறகு அவசர அவசரமாக எழுப்பிய இரண்டாவது கோயில் தானாகவே சரிந்தது. மூன்றாவதை 1728-ல் தொடங்கி 1736-ல் முடித்தார்கள். இங்கேதான் கொஞ்சம் நிற்க வேண்டும்.

அதே 1736 செப்டம்பரில் ஆனந்தரங்கப் பிள்ளை தன் நாட்குறிப்பை எழுத ஆரம்பித்தார். பின்னாளில் பிரெஞ்சு கவர்னர் துய்ப்ளேக்குத் தலைமைத் துபாஷி, அதாவது மொழிபெயர்ப்பாளர், ஆனவர். கோயிலில் நடப்பதும் அவர் காதுக்கு வரும், கோட்டையில் நடப்பதும் வரும். வந்ததையெல்லாம் எழுதினார். அவருடைய எழுத்து இல்லையென்றால் அந்த மூன்றாவது கோயிலின் உள்ளே நடந்தது பலவும் நமக்குத் தெரியாமலே போயிருக்கும்.

உள்ளே ஒரு சுவர் இருந்தது. வடபுறத்தில், ஒடுக்கப்பட்ட சாதிக் கிறிஸ்தவர்களை மற்றவர்களிடமிருந்து பிரித்து வைத்த சுவர். ஒரே பூசை, ஒரே நற்கருணை, நடுவே செங்கல். 1745 அக்டோபரில் அந்த மக்கள் திரண்டு போய்த் தலைமைப் பாதிரியாரிடம் நியாயம் கேட்டார்கள். சுவரை இடிக்கச் சொல்லிவிட்டார் அவர். சாதிக் கிறிஸ்தவர்கள் கொதித்தெழுந்தார்கள். பிள்ளைவாள் இதை ஊர்ச் சண்டையாகத்தான் பதிவு செய்கிறார். எனக்கு அந்தக் கோயிலின் வரலாற்றிலேயே உயர்ந்த நாள் அதுதான். அந்தச் சுவருக்கு முன்னால் போய் நின்றவர்கள் ஒருவர் பெயரும் நமக்கு மிஞ்சவில்லை.

அடுத்த இடிப்பு வேறு மாதிரி. சம்பா கோயிலை ஒட்டினாற்போல் வேதபுரீசுவரர் கோயில் இருந்தது. அதை அகற்ற வேண்டும் என்று பாதிரிமார்கள் வெகுகாலமாகக் கேட்டுக்கொண்டிருந்தார்கள். 1748-ல் ஆங்கிலேயத் தளபதி பாஸ்கவென் புதுச்சேரியை முற்றுகையிட்டிருந்த நேரம். ஊரே குண்டுக்குப் பயந்து கிடந்த அந்தச் செப்டம்பரில் ஈசுவரன் கோயிலை இடித்துத் தள்ளினார்கள். தடுக்க முடியாத நிலையில் நின்ற ஒரு துபாஷியின் வேதனை நாட்குறிப்பில் பக்கம் பக்கமாக இருக்கிறது. கார்த்திகை தீபம் பார்த்து வளர்ந்தவன் நான். அந்தப் பக்கங்களைப் படித்த இரவில் தூக்கம் வரவில்லை.

அதன் பிறகு சம்பா கோயில் நின்றது பதின்மூன்று வருஷம்தான். 1758-ல் பிரெஞ்சுத் தளபதி லாலி, கடலூரில் ஆங்கிலேயரின் புனித டேவிட் கோட்டையைத் தரைமட்டமாக்கினார். அதற்குப் பழிவாங்கக் காத்திருந்த ஆங்கிலேயர் 1761 ஜனவரி 16-ல் புதுச்சேரிக்குள் நுழைந்தார்கள். கோட்டை, மாளிகைகள், கோயில் என்று ஊரையே பிரித்துப் போட்டார்கள். சம்பா கோயிலின் மூன்றாம் பிறவி அத்தோடு முடிந்தது. ஏப்ரலில் செஞ்சிக் கோட்டையும் விழுந்தது. ஊர் விழுவதற்கு நாலு நாள் முன்பு, ஜனவரி 12 அன்று, ஆனந்தரங்கப் பிள்ளை கண்ணை மூடினார். கோயில் எழுந்த வருஷம் தொடங்கிய நாட்குறிப்பு, கோயில் விழுந்த வருஷம் நின்றது.

ஜெர்மனியில் டிரெஸ்டன் நகரின் ஃப்ராவன் தேவாலயத்தை இங்கே நினைக்காமல் இருக்க முடியவில்லை. 1945 பிப்ரவரியில் குண்டுவீச்சின் வெக்கையில் அதன் மாபெரும் குவிமாடம் சரிந்து விழுந்தது. கற்குவியல் நாற்பது வருஷத்துக்கு மேல் அப்படியே கிடந்தது. பிறகு அதே கற்களைப் பொறுக்கி எடுத்து, பழைய கறுப்புக் கல்லும் புதிய வெளிர் கல்லுமாகச் சேர்த்து 2005-ல் கட்டி முடித்தார்கள். உச்சியில் இருக்கும் பொற்சிலுவையைச் செய்த ஆங்கிலேயப் பொற்கொல்லரின் தந்தை, அந்த நகரத்தின் மேல் குண்டு போட்ட விமானிகளில் ஒருவர்.

புதுச்சேரிக்கு அப்படி யாரும் சிலுவை கொண்டு வரவில்லை. 1765-ல் ஊர் பிரெஞ்சுக்காரர் கைக்குத் திரும்பியது. 1770-ல் பழைய இடிபாட்டின் மேலேயே வேலை தொடங்கியது. பாதி வேலையில் இன்னொரு இடி: 1773-ல் போப்பாண்டவர் சேசு சபையையே கலைத்துவிட்டார். 1776-ல் பாரீஸ் வேதபோதக சபை பொறுப்பேற்றது. கட்டத் தொடங்கியவர்கள் ஒரு சபையார், முடித்தவர்கள் இன்னொரு சபையார். இருபத்தோரு வருஷம் கழித்து 1791 ஜூன் 20-ல் ஆயர் ஷாம்பெனுவா கோயிலை அர்ச்சித்தார். அதே ஜூன் 20 இரவில்தான், முதல் கோயிலுக்குப் பணம் கொடுத்த லூயியின் வம்சத்தில் வந்த பதினாறாம் லூயி, மாறுவேடத்தில் பாரீஸை விட்டுத் தப்பி ஓடினார். இங்கே தீபம் ஏற்றியவர்களுக்கு அந்தச் செய்தி கப்பலேறி வந்து சேர மாதக்கணக்காயிருக்கும்.

போன மாதம் மறுபடி போயிருந்தேன். கீழே இரட்டை இரட்டையாகத் தூண்கள், மேலே இன்னொரு அடுக்கு, இரண்டு பக்கமும் கட்டையான கோபுரங்கள். வாசற்படியில் செருப்புகள் கிடந்தன. தலையில் மல்லிகைச் சரம் வைத்த ஒரு பெண், மெழுகுவத்தியின் அடியை இன்னொரு சுடரில் காட்டி, உருகிய மெழுகின் மேல் அதை அழுத்தி நிறுத்தினார். காற்றில் சாய்ந்தது. மறுபடி நிறுத்தினார். மூன்றாம் தரம் நின்றது. அங்கிருந்து நடந்து போகிற தூரத்தில் ஈசுவரன் கோயில் வீதி. வேதபுரீசுவரர் அங்கே புதுக்கோயிலில் இருக்கிறார். அங்கும் போய்க் கும்பிட்டுவிட்டுக் கடற்கரைக்கு நடந்தேன்.

காந்தி சிலையைச் சுற்றி எட்டுக் கருங்கல் தூண்கள் நிற்கின்றன. பிரெஞ்சுக்காரர்கள் செஞ்சியிலிருந்து கொண்டுவந்தவை. நம் சாலையில் வந்த கற்கள். உப்புக் காற்றிலும் சிற்பங்களின் விளிம்பு மழுங்கவில்லை. கையை வைத்தால் வெயில் சூடு உள்ளங்கைக்கு ஏறுகிறது. ஒரு தூணில் முதுகைச் சாய்த்துக்கொண்டு ஒரு பாட்டி, மடியில் வேகவைத்த மல்லாட்டையைக் கொட்டி ஒவ்வொன்றாக உரித்துப் பேரனுக்குக் கொடுத்துக்கொண்டிருந்தார். எந்த ஊர் என்று கேட்டேன். செஞ்சிப் பக்கம் என்றார்.