மூன்று சுற்றும் பதினைந்து சுற்றும்

"அண்ணே, பள்ளிக்கூட பொக்சிங்கில கப் எடுத்துட்டா, அப்புறம் காசுக்குச் சண்டை போடலாந்தானே?" என்று நமது சங்கத்து இளைஞர் ஒருவர் சில மாதங்களுக்கு முன் என்னை வினவினார். பசறைப் பக்கத்துத் தோட்டமொன்றைச் சேர்ந்தவர். 2021ஆம் ஆண்டில் வெளிவந்த 'சார்பட்டா பரம்பரை' என்னும் திரைப்படத்தைப் பலமுறை பார்த்தவர். படிப்பை நிறுத்திவிட்டுக் கொழும்புக்குச் செல்லும் எண்ணமும் அவருக்கு இருந்தது. ஆதலின் இது விளையாட்டாகக் கேட்ட கேள்வியன்று. இதற்குச் சரித்திரம் என்ன விடை கூறுகின்றது என்பதை நோக்குவாம்.

ஒலிம்பிக் தங்கம் வென்ற இருவரை முதலில் எடுத்துக்கொள்வோம். 1952இல் ஹெல்சிங்கி நகரில் மத்திம எடைப் பிரிவில் வென்றவர் அமெரிக்கரான புளோயிட் பற்றர்சன். அப்போது அவருக்கு வயது 17. அவர் நேரே உலகப் பட்டத்தை நாடி ஓடவில்லை. நான்காண்டு காலம், ஏறக்குறைய 30 பந்தயங்களில், சிறிய எதிராளியிலிருந்து பெரிய எதிராளிக்கு ஒவ்வொரு படியாக ஏறினார். இடையில் ஒருமுறை தோற்கவும் செய்தார். 1956 நவம்பர் 30ஆந் திகதி ஆர்ச்சி மூரை வீழ்த்தி, 21 வயதிலேயே அதிபாரப் பிரிவின் உலகச் சம்பியனானார்.

மற்றவர் பீற் றாடமாக்கர். 1956 மெல்பேண் ஒலிம்பிக்கில் அதிபாரப் பிரிவின் தங்கப் பதக்கத்தைப் பெற்றவர். இறுதிப் போட்டியில் சோவியத் வீரரை முதற் சுற்றிலேயே சாய்த்தவர். இவர் செய்த துணிகரம் குத்துச்சண்டை உலகம் அதுவரை காணாதது. தொழில்முறையில் ஒரு போட்டியேனும் ஆடாமல், தமது முதற் போட்டியையே உலகப் பட்டத்துக்கான போட்டியாக அமைத்துக்கொண்டார்! சம்பியனான பற்றர்சனுக்கு 250,000 டொலர் தருவதாக இவருடைய ஆதரவாளர்கள் உறுதி கூறியமையால் அது இயன்றது. 1957 ஓகஸ்ட் 22ஆந் திகதி சியாற்றில் நகரில் இருவரும் மோதினர். இரண்டாம் சுற்றில் பற்றர்சன் கீழே விழுந்தார். அவ்வேளை மணி அடித்துப் போட்டி முடிந்திருந்தால் சரித்திரம் வேறாயிருக்கும். ஆனால் அது மூன்று சுற்றுப் போட்டியன்று. எழுந்த பற்றர்சன் றாடமாக்கரைப் பலமுறை வீழ்த்தி, ஆறாஞ் சுற்றில் கதையை முடித்தார். பின்னர் 1962 வரை ஆடிய றாடமாக்கர், மொத்தம் 23 போட்டிகளில் 15இல் வென்றார். உலகப் பட்டம் அவர் கைக்கு எட்டவேயில்லை.

இருவரும் தங்கம் பெற்றவர்களே. எனின் வேறுபாடு யாது? அமெச்சூர் போட்டி மும்மூன்று நிமிடமாக மூன்று சுற்று. ஆக 9 நிமிடம். அக்காலத்து உலகப் பட்டப் போட்டியோ 15 சுற்று, 45 நிமிடம். இன்று 12 சுற்றாகக் குறைந்துள்ளதெனினும் அதுவும் 36 நிமிடமாகின்றது. கொழுந்து பறிக்கும் போட்டியில் முதற் பரிசு பெறுவதும், காலைப் பெரட்டு முதல் மாலை நிறுவை வரை மழையில் மலையேறி நின்று பறிப்பதும் ஒன்றாகா. இதை எழுதிக் காட்டியபோது என் தாயார், "இதுக்கா பல்கலைக்கழகத்துக்குப் போனே?" என்று சிரித்தார்.

புள்ளி வழங்கும் முறையும் வேறு. 1992 முதல் 2012 வரை ஒலிம்பிக்கில் நடுவர்கள் பொத்தானை அழுத்தி இயந்திரத்தின் மூலம் புள்ளியிட்டனர். தெளிவாகப் பட்ட குத்தே கணக்கிற்குரியது. அது எவ்வளவு வலித்தது என்பதற்கு மதிப்பில்லை. விலாவிலும் வயிற்றிலும் விழும் குத்துக்கள் பெரும்பாலும் வீணாயின. தொழில்முறையிலோ அவையே வட்டியோடு திரும்பி வருவன. இரண்டாஞ் சுற்றில் விலாவில் வாங்கிய அடி ஒன்பதாஞ் சுற்றில் காலைக் கட்டிவிடும். 2008, 2012 ஆகிய இரு ஒலிம்பிக்கிலும் தங்கம் பெற்ற உக்ரேனியரான லொமச்சென்கோ, 2014 மார்ச்சில் தமது இரண்டாவது தொழில்முறைப் போட்டியிலேயே ஒர்லாண்டோ சலிடோவிடம் தோற்றார். சலிடோ அதுவரை 12 முறை தோற்றவர். எடை வரம்பையும் மீறியே வந்திருந்தார். ஆயினும் முரட்டுத்தனமாக நெருங்கி உடலில் அடிப்பதெப்படி என்பதை அறிந்தவர். லொமச்சென்கோ அடுத்த போட்டியிலேயே உலகப் பட்டம் பெற்றார் என்பதையும் சொல்லவேண்டும். பாடம் கற்க அவருக்கு ஒரு தோல்வி போதுமாயிருந்தது. எல்லோருக்கும் அப்படியா?

உடலும் திறமையும் இருந்தும் பிறர் கை தடுப்பதுண்டு. மூன்று ஒலிம்பிக் தங்கம் பெற்ற ஹங்கேரியரான லாஸ்லோ பாப், 1957இல் தொழில்முறைக்கு வந்து ஒரு போட்டியிலும் தோற்காமல் ஐரோப்பியச் சம்பியனானார். உலகப் பட்டத்தை நெருங்கிய வேளையில், 1965இல், அவர் நாட்டு அரசாங்கம் அனுமதியை மறுத்துவிட்டது.

அயல்நாடான இந்தியாவில் விஜேந்தர் சிங் 2008இல் பீஜிங்கில் வெண்கலம் வென்றார். குத்துச்சண்டையில் இந்தியாவின் முதல் ஒலிம்பிக் பதக்கம் அது. 2015இல், 29 வயதில், தொழில்முறைக்குப் போனார். பன்னிரண்டு போட்டிகளில் தொடர்ந்து வென்றார்; ஆசிய பசிபிக் பட்டமும் பெற்றார். 2021 மார்ச்சில் கோவாவில் ரஷ்யரான லொப்சானிடம் ஐந்தாஞ் சுற்றில் வீழ்ந்தார். உலகப் பட்டத்துக்கான போட்டி அவருக்குக் கிட்டவில்லை. காலந்தாழ்த்தி இறங்கியதே பெருங் காரணம் என்பது என் எண்ணம்.

நமது நாட்டில் இவ்விளையாட்டு வளர்ந்த இடங்கள் பாடசாலைகளும் முப்படைகளும் பொலிசுமே. பாடசாலைகளுக்கான ஸ்ரப்ஸ் கேடயம் 1914இல் தொடங்கிற்று. 1938இல் சிட்னியில் நடந்த பேரரசு விளையாட்டு விழாவில் பார்னி ஹென்றிக்கஸ் தங்கம் வென்று இலங்கைக்குப் பெருமை தேடினார். நல்ல குத்துச்சண்டை வீரருக்கு இங்கு பெரும்பாலும் கிட்டும் பரிசு, சேவையொன்றில் ஓர் உத்தியோகம். பற்றர்சன் ஏறிய ஏணி இங்கே இல்லை.

இவற்றையெல்லாம் அவ்விளைஞரிடம் கூறியபோது அவர் பொறுமையாகக் கேட்டார். கேட்டுவிட்டு, "அந்த நாலு வருஷமும் பற்றர்சனுக்கு யாருண்ணே சண்டை பிடிச்சுக் குடுத்தது?" என்றார். கஸ் டமாற்றோ என்றொரு முகாமையாளர் இருந்தார், எதிராளியை அவரே பார்த்துப் பார்த்துத் தெரிவு செய்தார் என்றேன். "கொழும்புல எனக்கு அப்படி யாரு இருக்கா?" என்று கேட்டார். நான் விடை கூறவில்லை. இப்போது பரீட்சைக்கு விண்ணப்பித்திருக்கிறார். மாலையில் லயத்துப் பின்புறம், மண் நிரப்பிய சாக்கைக் குத்தும் சத்தம் இன்னும் கேட்கின்றது.