ஊவாவின் சரக்குப் பாதையும் அரசின் பணமும்

சரக்கை வீதியிலிருந்து புகையிரதத்திற்கு மாற்றும் பொருட்டு அரசு தன் பணத்திலிருந்து கொடுக்கும் உதவி, அதாவது போக்குவரத்து மானியம், இக்காலக் கொள்கையாகவே பேசப்படுகிறது. எனினும் இலங்கையின் ஊவா மாகாணத்தைப் பொறுத்தவரை அதன் வேர் பத்தொன்பதாம் நூற்றாண்டிலேயே இருக்கிறது.

இருப்புப்பாதை வருமுன்னர் பதுளைப் பகுதியின் கோப்பி மாட்டுக்கரத்தைகளில் நாட்கணக்கில் மலையிறங்கிச் சென்றது. 1869 இல் தோன்றிய இலைநோய் கோப்பியை அழித்து, அதனிடத்தைத் தேயிலை பிடித்தபோது, தொழிற்சாலை இயந்திரங்களும் தொழிலாளருக்கான அரிசியும் மேலே ஏறவேண்டியிருந்தமையால் கரத்தைப் பாதை போதாமற் போயிற்று. 1867 இல் கண்டியையும் 1885 இல் நானுஓயாவையும் எட்டியிருந்த அரசாங்க இருப்புப்பாதை, தோட்டத்துரைமாரின் இடைவிடாத வற்புறுத்தலால் பட்டிப்பொலவுக்கு அப்பாலுள்ள உச்சியைக் கடந்து, 1893 இல் அப்புத்தளைக்கும் 1894 இல் பண்டாரவளைக்கும் நீண்டது. பதுளைக்கு வந்து சேர மேலும் முப்பது ஆண்டுகள் பிடித்தன. நாற்பத்து நான்கு அடிக்கு ஓரடி உயரும் ஏற்றங்களும், நெருக்கமான வளைவுகளும், தெமோதரையில் நிலையத்தின் அடியிலேயே சுற்றிவந்து நுழையும் சுரங்கமும் இப்பாதையின் கட்டுமானச் செலவைப் பெருக்கியதோடு, ஓர் இயந்திரம் இழுக்கக்கூடிய சுமைக்கும் நிலையான எல்லை வகுத்தன.

தனியார் முதல் துணிந்திராத இச்செலவை ஏற்றது அரசாங்கமே. அன்றைய பொது வருவாயின் ஊற்றுகளில் ஒன்று இறக்குமதி அரிசி மீதான சுங்கவரி; அந்த அரிசியை நம்பி வாழ்ந்தவர்களோ தென்னிந்தியாவிலிருந்து வந்த தோட்டத் தொழிலாளர். ஆகவே துரைமாரின் தேயிலையைக் கொழும்புக்கு இறக்கிய பாதைக்கு, அத்தேயிலையைப் பறித்தவர்களின் சோற்றிலிருந்தும் ஒரு பங்கு சென்றது என்பதே நேர்மையான கணக்கு. தோட்டத் தொழிலின் வரலாறுகளில் இக்கணக்குக்கு உரிய இடம் இன்னும் கிடைக்கவில்லை.

மரப்பலகைப் பெட்டிகளில் அடைத்த தேயிலை பல ஆண்டுகள் பதுளை, பண்டாரவளை, அப்புத்தளை நிலையங்களின் சரக்குக் கொட்டில்களிலிருந்து கொழும்பு ஏலத்திற்குச் சென்றது. ஆனால் புகையிரதத்தில் அனுப்பும் பெட்டியைத் தோட்டத்திலிருந்து நிலையத்திற்கும், பின்னர் கொழும்பு நிலையத்திலிருந்து களஞ்சியத்திற்கும் வேறு வண்டிகளில் ஏற்றி இறக்க வேண்டும்; லொறியோ தொழிற்சாலை வாசலில் ஏற்றியதைக் களஞ்சிய வாசலிலேயே இறக்கிவிடும். வீதிகள் சீரானபோது சரக்கு லொறிக்கு மாறியதற்கு இதுவே முதற்காரணம்.

இந்த ஏற்றியிறக்கும் வேலையை ஒழிக்கவே கொள்கலன் பிறந்தது. குறித்த அளவில் செய்யப்பட்ட அவ்விரும்புப் பெட்டியை, உள்ளிருக்கும் பொருளைத் தொடாமல், லொறியிலிருந்து புகையிரதத்திற்கும் கப்பலுக்கும் மாற்றலாம். 1956 இல் அமெரிக்காவில் தொடங்கிய இம்முறைக்கெனக் கொழும்புத் துறைமுகத்தில் தனி முனையங்கள் எழுந்தன. ஆயினும் ஊவாவின் தேயிலை ஏலத்திற்காகக் கொழும்புக் களஞ்சியங்களுக்குச் சென்று, விற்பனையாகி, அங்கேயே கலவை செய்யப்பட்டுக் கொள்கலனில் ஏறுவதால், கொள்கலனுக்கு மலையேறும் தேவை பெரிதும் ஏற்படவில்லை.

பிற நாடுகளின் மானியங்கள் இவ்விடத்தில் பாடமாகின்றன. பிரித்தானியா 1974 ஆம் ஆண்டின் புகையிரதச் சட்டத்தின் மூலம், லொறிகளை வீதியிலிருந்து விலக்கும் நிறுவனங்களுக்குப் பக்கப்பாதையும் ஏற்றுமிடமும் அமைக்க உதவியது. சுவிட்சர்லாந்து அல்ப்ஸ் மலையைக் கடக்கும் கொள்கலன் புகையிரதங்களுக்குப் பணம் கொடுத்தது. இந்தியா 2020 இல் தொடங்கிய கிசான் ரயிலில் காய்கனிகளுக்கான கட்டணத்தில் பாதியை ஏற்றது. முதலாவது வழி சரக்கு ஏறும் இடத்திற்கும், ஏனைய இரண்டும் பயணத்திற்கும் செலவிட்டன.

ஊவாவுக்குப் பொருந்துவது முதலாவதே. பண்டாரவளையிலோ பதுளையிலோ தேயிலையைக் கலந்து, பொதிசெய்து, கொள்கலனில் ஏற்றும் முற்றமும் பாரந்தூக்கியும் இல்லாதவரை, கட்டணத்தை எவ்வளவு குறைத்தாலும் ஏற்றுவதற்குக் கொள்கலன் இராது. அரசு மானியம் வழங்க முன்வருமாயின், அதன் முதற்பணம் அந்த முற்றத்திற்கும், அதில் தோட்டக் குடும்பங்களின் பிள்ளைகளுக்குக் கிடைக்கக்கூடிய வேலைகளுக்குமே செல்ல வேண்டும்.