கச்சால் தீவின் இரண்டு பூட்டுகள்

குடிவரவுக் கட்டுப்பாடு என்றால் கடவுச்சீட்டும் நாட்டெல்லையும் மட்டுமே நம் மாணவர்களின் நினைவுக்கு வருகின்றன. சொந்த நாட்டுக் குடிமகனே அனுமதிச் சீட்டின்றி நுழைய இயலாத நிலம் நிக்கோபார். அந்த நிலத்தின் வரலாற்றில் தமிழருக்கும் ஓர் இடமுண்டு. நம் வகுப்பறைகள் ஏனோ அதைப் பேசுவதில்லை.

1858 மார்ச் 10 அன்று முதல் கைதிகள் அந்தமானில் இறக்கப்பட்டபோது, எவரும் வெளியேறிவிடக் கூடாது என்பதே அரசின் கவலை. விடுதலைக்குப் பின் கவலையின் திசை மாறியது. 1956ஆம் ஆண்டின் பழங்குடியினர் பாதுகாப்பு ஒழுங்குவிதி, ஒதுக்கப்பட்ட பகுதிகளில் வெளியார் நுழைவதையும் நிலம் பெறுவதையும் வணிகம் செய்வதையும் முன் அனுமதிக்கு உட்படுத்தியது. நாடெங்கும் நடமாடவும் குடியிருக்கவும் உரிமை தரும் அரசியலமைப்பின் 19ஆம் உறுப்பே, பட்டியல் பழங்குடியினரின் நலன் காக்க அதை மட்டுப்படுத்தலாம் என்று ஐந்தாம் உட்பிரிவில் கூறுகிறது.

இக்கட்டுப்பாட்டை உரிமைப் பறிப்பு என்று மட்டும் படிப்பது பிழை. குடியேற்றத்தோடு வந்த தொற்றுநோய்களால் பல்லாயிரவராயிருந்த பெரிய அந்தமானியர், 1961 கணக்கெடுப்பில் 19 பேராகச் சுருங்கியிருந்தனர். 'பொதுப் பாதுகாப்பு' என்ற சொல்லுக்கு அங்குள்ள முதற்பொருள் இதுதான். அந்தப் பூட்டை யார் கையில் கொடுத்தார்கள் என்பதே என் கேள்வி. அனுமதி வழங்கும் அதிகாரத்தை ஒழுங்குவிதி பழங்குடிச் சமூகத்திடம் ஒப்படைக்கவில்லை, நிர்வாகத்திடமே வைத்துக்கொண்டது. ஆகவே நிர்வாகம் விரும்பியபோது கதவு திறந்தது.

இலங்கையின் 1948ஆம் ஆண்டுக் குடியுரிமைச் சட்டம் மலையகத் தமிழரில் மிகப் பெரும்பாலோரை நாடற்றவராக்கியது. 1964 அக்டோபர் 30 அன்று கையொப்பமான சிறிமா–சாஸ்திரி ஒப்பந்தம் 9,75,000 பேரைப் பங்கிட்டது: இந்தியாவுக்கு 5,25,000, இலங்கைக்கு 3,00,000, எஞ்சியோர் பிற்பாடு தீர்மானிக்கப்படுவர். பங்கிடப்பட்டவர்களின் கருத்தை எவரும் கேட்கவில்லை. (சொத்துப் பாகப்பிரிவினையில்கூடப் பங்காளிகளைக் கூப்பிட்டு உட்கார வைப்பார்கள்.) அவ்வாறு தாயகம் திரும்பியோரில் ஒரு சிறு பகுதியினர், தமிழகத்து ஊர்களுக்கன்றி, நிக்கோபாரின் கச்சால் தீவில் அரசு தொடங்கிய ரப்பர்த் தோட்டத்துக்குக் கொண்டுசெல்லப்பட்டனர். கொழுந்து பறித்த கைகள் பால்வெட்டக் கற்றன.

பூட்டிய தீவுக்குள் பூட்டியவரே அழைத்துச் சென்ற குடிமக்கள் இவர்கள். அனுமதியின்றி நுழைந்தவர் என்று இவர்களைச் சொல்ல இயலாது. மண்ணின் மக்கள் என்றும் சட்டம் ஏற்காது. முன் அனுமதியின்றி ஒதுக்கப்பட்ட பகுதியில் நிலவுரிமை பெற இயலாத நிலையில், வேலையே அவர்களது இருப்புக்கு ஆதாரமாயிற்று. மறுபுறம், தம் தீவில் ஒரு தோட்டக் குடியிருப்பு எழுவதை நிக்கோபாரியர் எதிர்த்திருந்தாலும் தடுக்கும் அதிகாரம் அவர்களிடம் இல்லை. இவ்விரு சாராரையும் எதிரெதிரே நிறுத்தி வாதிடுவோர், இருவருக்கும் மேலிருந்து முடிவெடுத்த கையைக் காணத் தவறுகின்றனர்.

2004 ஆழிப்பேரலையில் மிகக் கொடிய இழப்பைச் சந்தித்த தீவுகளுள் கச்சாலும் ஒன்று. ரப்பர்த் தோட்டத்தை நடத்திவந்த வன, தோட்ட வளர்ச்சிக் கழகத்தை மூட 2017 ஆகஸ்டில் ஒன்றிய அமைச்சரவை ஒப்புதல் அளித்தது. ஊழியரின் நிலுவைகளைத் தீர்ப்பது பற்றி அம்முடிவு பேசியது. அடுத்த ஆண்டு ஆகஸ்டில், சுற்றுலாவை முன்னிட்டு, வெளிநாட்டினருக்கான 1963ஆம் ஆண்டுத் தடைசெய்யப்பட்ட பகுதி ஆணை தீவுகள் பலவற்றில் தளர்த்தப்பட்டது. வடக்கு சென்டினலும் அப்பட்டியலில் இருந்தது. 1956 ஒழுங்குவிதி மட்டும் எவருக்கும் தளர்த்தப்படவில்லை.