முதலாளி பக்கத்து வழக்கறிஞர்

மதுரை மாநகரில் மக்கள் 'ஹார்வி மில்' என்று வழங்கும் நூற்பாலை, ஸ்காட்லாந்து நாட்டு ஹார்வி சகோதரர்களால் 19ஆம் நூற்றாண்டின் இறுதியில் நிறுவப்பெற்றது. 1918இல் அதன் தொழிலாளர் சங்கமாய்த் திரள வழிகாட்டியவர்களுள் ஒருவர், செங்கன்னூரில் பிறந்து மதுரையில் வாழ்ந்த கிறிஸ்தவரான பாரிஸ்டர் ஜார்ஜ் ஜோசப். தொழிலாளர் பக்கம் நின்ற அவ்வழக்கறிஞரை நாம் நன்றியோடு நினைக்கிறோம். ஆனால் முதலாளி பக்கம் நிற்பவரை எவ்வாறு கருதுவது? நம் இறைமக்களிடையே ஆலைக்கூலியில் வளர்ந்த குடும்பங்களும் உண்டு. ஆலையாருக்காக வாதாடுவோரும் உண்டு. எனவே இக்கேள்வி நமக்கு அயலானதன்று.

வரலாறு இங்கே ஒரு பாடம் தருகிறது. 1918 ஏப்ரல் 27இல் தோன்றிய சென்னைத் தொழிலாளர் சங்கத்துக்குத் தலைவராய் இருந்தவர் பி.பி. வாடியா. 1920இல் பக்கிங்காம் ஆலையில் கதவடைப்பு நேர்ந்தபோது, பின்னி நிறுவனத்தார் அவர்மீது உயர்நீதிமன்றத்தில் வழக்குத் தொடுத்தனர். வேலை ஒப்பந்தத்தை மீறுமாறு தொழிலாளரைத் தூண்டினார் என்பது வாதம். நீதிமன்றம் இடைக்காலத் தடை விதித்தது. இறுதியில், வாடியா சங்கத்தை விட்டு விலகுவதென 1921இல் உடன்பாடு ஆயிற்று.

ஆலையார் வென்றனர். ஆயினும் அவ்வெற்றியே நாட்டின் மனச்சான்றைத் தட்டி எழுப்பிற்று. அதே ஆண்டில் என்.எம். ஜோஷி மத்திய சட்டமன்றத்தில் குரல் எழுப்பினார். 1926இல் தொழிற்சங்கச் சட்டம் பிறந்தது. பதிவுபெற்ற சங்கத்தார்மீது அத்தகைய வழக்குத் தொடுக்க இயலாதவாறு அது காப்பளித்தது.

1947ஆம் ஆண்டின் தொழில் தகராறுச் சட்டம் இன்னும் ஒரு படி சென்றது. அதன் 36ஆம் பிரிவின்படி, சமரசப் பேச்சில் வழக்கறிஞருக்கு இடமில்லை. தீர்ப்பாயத்திலோ, எதிர்த்தரப்பின் இசைவும் தீர்ப்பாயத்தின் அனுமதியும் இருந்தால் மட்டுமே அவர் வாதாடலாம். பொருள்வளம் உடையவர் திறமையான நாவை விலைக்கு வாங்க, இல்லாதவர் ஊமையாய் நிற்கலாகாது என்பதே அதன் உட்கருத்து. எனினும், முதலாளிகள் சங்கத்தின் உண்மையான பொறுப்பாளராய் உள்ள வழக்கறிஞர் அவ்விசைவின்றியே தோன்றலாம் என்று 1976இல் பாரதீப் துறைமுக வழக்கில் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. 2025 நவம்பரில் அச்சட்டத்தின் இடத்தைத் தொழில் உறவுகள் தொகுப்புச் சட்டம் பெற்றது.

தனக்காகப் பேச ஒருவரை நாடும் உரிமை முதலாளிக்கும் உண்டு. 1891இல் திருத்தந்தை 13ஆம் சிங்கராயர் வெளியிட்ட 'ரேரும் நோவாரும்' சுற்றுமடல் சொத்துரிமையை மறுக்கவில்லை. குடும்பம் வாழப் போதிய கூலியை மறுப்பதையே அநீதி என்றது. ஆதலால், முதலாளி பக்கத்து வழக்கறிஞரின் அறம் நீதிமன்றப் படியேறும் முன்னரே தொடங்குகிறது. விசாரணையின்றி ஒருவரை வேலைநீக்கம் செய்ய முனையும் ஆலையாரிடம், "இது முறையன்று" என்று தனியறையில் சொல்லும் துணிவு அவருக்கு வேண்டும். தொழிலாளியின் நியாயமான நிலுவையை ஆண்டுக்கணக்கில் வாய்தா வாங்கி இழுத்தடிக்க மறுக்கும் உறுதியும் வேண்டும்.

தூய ஆவியாரை நாம் துணையாளர் என்கிறோம். அதற்குரிய கிரேக்கச் சொல், வழக்கில் ஒருவருக்குத் துணைநிற்க அழைக்கப்பெற்றவரையும் குறிக்கும். அத்துணையாளரே உண்மையின் ஆவியானவர். தம் கட்சிக்காரருக்கு உண்மையை எடுத்துரைக்கும் வழக்கறிஞர் எப்பக்கம் நின்றாலும் அப்பெயருக்குத் தகுதியுடையவரே.