தழிஞ்சியும் செங்கோட்டைத் தீர்ப்பும்

போரில் தோற்றுப் புறங்கொடுத்து ஓடுவோர்மீது படைக்கலம் வீசாத பேராண்மையைத் 'தழிஞ்சி' என்னும் துறையாக வகுத்துரைக்கிறது ஐயனாரிதனார் இயற்றிய புறப்பொருள் வெண்பாமாலை. ஓடும் பகைவனுக்கு இரங்குவதே அரிது. தன் படையை விட்டு மாற்றார் பக்கம் சேர்ந்தவனுக்கு ஒரு படைத்தலைவன் இரங்குவது அதனினும் அரிது. அத்தகைய நிகழ்வொன்று இந்திய விடுதலைக்கு முந்திய ஆண்டில் தில்லியில் நடந்தேறியது.

1942 பிப்ரவரி 15 அன்று சிங்கப்பூர் வீழ்ந்தது. அங்கே சப்பானியரிடம் சிறைப்பட்ட இந்திய வீரர்களுள் பல்லாயிரவர் பிரித்தானிய அரசுக்குச் செய்த உறுதிமொழியைத் துறந்து இந்திய தேசிய இராணுவத்தில் சேர்ந்தனர். மலேயாத் தோட்டங்களில் பாடுபட்ட தமிழர் பலரும் அதில் இணைந்தனர்.

போர் முடிந்தபின் ஷா நவாஸ் கான், பிரேம் குமார் சைகல், குர்பக்ஷ் சிங் தில்லான் ஆகிய அதிகாரிகள் மூவர் செங்கோட்டையில் இராணுவ நீதிமன்றத்தின்முன் நிறுத்தப்பட்டனர். 1945 நவம்பர் 5 அன்று விசாரணை தொடங்கியது. அவர்கள்பால் கொண்ட பரிவால் அவ்வாண்டுத் தீபாவளியைச் சில ஊர்களில் மக்கள் கொண்டாடவில்லை. தீபாவளி ஓசையின்றிக் கழிவதன் பொருளைச் சிவகாசி வட்டாரத்தாருக்கு எடுத்துரைக்க வேண்டுவதில்லை.

அவர்கள்மீது சாட்டப்பட்ட குற்றங்களுள் அரசருக்கு எதிராகப் போர் தொடுத்தது ஒன்று. கொலையும் கொலைக்கு உடந்தையும் மற்றொன்று. கொல்லப்பட்டதாகக் கூறப்பட்டோர் யாவர்? 1945 மார்ச்சில் பர்மாவில் அவர்களுடைய படையை விட்டு ஓட முயன்ற வீரர்களே. படை மாறியவர் எனக் கூண்டில் நின்றவர்கள், தம் படையிலிருந்து விலக முயன்றவர்களைத் தண்டித்ததற்கும் விடைகூற நேர்ந்தது. வழக்கின் கடினமான முடிச்சு இதுவே.

அடிமைப்பட்ட நாட்டு மக்களுக்கு விடுதலைப் போர் நடத்தும் உரிமை உண்டு என வாதிட்டார் புலாபாய் தேசாய். எனினும் போர் தொடுத்த குற்றம் மூவர்மீதும் உறுதிப்பட்டது. கொலைக்கு உடந்தையாயிருந்த குற்றம் ஷா நவாஸ்மீது மட்டும் மெய்ப்பட்டது. ஏனை இருவரும் கொலை தொடர்பான குற்றச்சாட்டுகளினின்று விடுவிக்கப்பட்டனர். சட்டப்படி மரணம் அல்லது ஆயுள் நாடுகடத்தல் என்னும் இரண்டில் ஒன்றையே விதிக்க இயலும். நீதிமன்றம் பின்னதை விதித்தது.

தண்டனையை உறுதிசெய்யும் அதிகாரம் தலைமைத் தளபதி ஆக்கின்லெக்கிடம் இருந்தது. 1946 சனவரியில் அவர் மூவரையும் ஒருநிகராகக் கருதி, நாடுகடத்தலை நீக்கினார். பதவி நீக்கத்தையும் ஊதிய இழப்பையும் நிலைநிறுத்தினார்.

இது தூய அருளன்று என்பாருண்டு. தண்டனையை நிறைவேற்றின் நாட்டிலும் படையிலும் பெருங்கலகம் மூளும் என அவர் அஞ்சியது உண்மையே. ஆயினும் அவர் வேறொன்றையும் உணர்ந்திருந்தார். சிங்கப்பூரில் கைவிடப்பட்ட வீரனின் மனக்குழப்பத்தைக் கணக்கில் கொள்ளவேண்டும் என்பதைத் தம் கீழ்ப்பணிந்த பிரித்தானிய அதிகாரிகளுக்கு எடுத்தெழுதினார்.

குற்றம் இல்லையென்று அவர் கூறவில்லை. குற்றம் புரிந்தவன் எந்நிலையில் நின்றான் என்று எண்ணிப்பார்த்தார். பர்மாக் காட்டில் படையை விட்டு ஓட முயன்று பிடிபட்ட வீரர்களுக்கு அவ்வாறு எண்ணிப்பார்ப்பார் கிட்டவில்லை. செங்கோட்டையில் மீண்டவர்களைப் போற்றும் நாடு, அவ்வீரர்களையும் மறத்தலாகாது. தழிஞ்சி என்னும் அறம் இரு திறத்தாருக்கும் உரியது.