பட்டம் இழுத்த வண்டி
பிரிஸ்டல் நகரப் பள்ளி ஆசிரியர் ஜார்ஜ் போகாக் 1826-இல் காப்புரிமை பெற்ற 'சார்வோலன்ட்' வண்டிக்குக் குதிரை கிடையாது. ஒரே கயிற்றில் ஏறிய இரண்டு பட்டங்கள்தான் அதை இழுத்தன. நிறுத்த வேண்டுமானால் ஓர் இரும்புக் கம்பி சாலையைக் கீறிக்கொண்டு இறங்கும். அன்று இங்கிலாந்தின் சுங்கச்சாவடிகளில் குதிரைகளை எண்ணித்தான் கட்டணம் வாங்கினார்கள். ஆகவே இந்த வண்டிக்குக் காசில்லை. சாவடிக்காரர் விழித்திருப்பார், பாவம்! இத்தனை இருந்தும் அது ஏன் பரவவில்லை?

1830-இல் லிவர்பூல்–மான்செஸ்டர் ரயில் வந்துவிட்டதே என்பார்கள். ரயில் வந்த பிறகும் குதிரை வண்டிகள் பல பத்தாண்டுகள் ஓடினவே! எனக்குக் குறை தரையில்தான் தெரிகிறது. காற்று தன் திசையில் வீசும், சாலையோ தன் போக்கில் வளையும். ஓரத்தில் மரங்கள் வேறு. பக்கவாட்டு இழுப்பைச் சக்கரம் தாங்கினால்தான் அது ஓட்டமாக மாறும், அதற்குத் திறந்தவெளியும் வேண்டும். 1990 வாக்கில் நியூசிலாந்தின் பீட்டர் லின் மூன்று சக்கரப் பட்டவண்டியைப் பரவலாக்கியபோது அது கடற்கரைகளில் நிலைத்தது அதனால்தான். இன்று பட்டம் இழுக்க, நின்றபடி ஓட்டும் சக்கரப் பலகையான லேண்ட்போர்டு வாங்குபவரும் முதலில் தரையைத்தான் பார்க்க வேண்டும்: மணலென்றால் புதையாத அகலமான காற்று டயர், பாதத்தை இறுக்கும் பட்டை, உடம்பைச் சாய்த்தால் திரும்பும் அச்சு. பட்டத்தைப் பிறகு பார்த்துக்கொள்ளலாம்.